சூடானதும் ஆஃப் ஆகும் 1969 எம்ஜிபி: சிபி பாயின்டை எடுத்துட்டு எலக்ட்ரானிக் போடலாமா?

தோவாளை_எம்ஜிபி:

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 1969 எம்ஜிபி, இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார், திறந்த மாடல். 1798 சிசி, ரெண்டு எஸ்.யூ. கார்புரேட்டர், லூக்காஸ் 25டி4 டிஸ்ட்ரிபியூட்டர் (தீப்பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரிச்சுக் கொடுக்கிறது), நெகட்டிவ் எர்த் (பேட்டரி நெகட்டிவ் பாடியோட சேர்ந்திருக்கும்), ஆல்டர்னேட்டர். கொச்சியில ஒரு குடும்பத்துகிட்ட மாமா வாங்கி வச்சிருந்தது, இப்ப என் பொறுப்புல இருக்கு.

தொல்லை மூணு விதமா வருது. ஒண்ணு, ஆரல்வாய்மொழி கணவாய் தாண்டி முப்பந்தல் வரை போயிட்டு திரும்பும்போது எஞ்சின் நல்லா சூடாகி மிஸ்ஸிங் அடிக்கும். பானட்டைத் திறந்து வச்சு ஆறவிட்டா சரியாயிடும். ரெண்டு, சமதரையில 60 கிலோமீட்டர் வேகத்துல நிதானமா போயிட்டிருக்கும்போது பட்டுன்னு ஆஃப் ஆகும். கியர்லயே உருட்டினா சில நேரம் தானா எடுத்துக்கும். மூணு, மழை நாள்ல பேச்சிப்பாறைப் பக்கம் போனா கிளம்பின இடத்துல இருந்தே இழுவை இருக்காது.

பிளக், பாயின்ட், கன்டென்சர், கேப், ரோட்டர் எல்லாம் புதுசு. கார்புரேட்டரும் கழுவியாச்சு. ஒரு மாற்றமும் இல்லை. பேசாம பாயின்டை, அதான் காயில் கரண்டை வெட்டி வெட்டி விடுற அந்தச் சின்ன சுவிட்சை, தூக்கிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டுடலாமான்னு யோசிக்கிறேன். வண்டியை ஷெட்டுல நிறுத்தி அழகு பாக்க எனக்கு விருப்பமில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு திருவனந்தபுரம் வரை நம்பிப் போய்வரணும். எந்த கிட் நல்லது?

பேச்சிப்பாறை_ரப்பர்:

தம்பி, பாயின்டைத் தூக்காதீங்க. எங்க வீட்ல அம்பாசடர் மார்க் 2 இன்னும் ஓடுது. அதுல இருக்கிற 1489 சிசி எஞ்சினும் உங்க 1798 சிசியும் ஒரே பி சீரிஸ் குடும்பம்தான், பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) போட்ட எஞ்சின். மலை ரோட்டுல பாயின்ட் கருகினா நைஸ் எமரி ஷீட் ஒரு துண்டு போதும், தேய்ச்சு, ஃபீலர் கேஜ் வச்சு 0.38 மி.மீ. இடைவெளி கொடுத்தா வீட்டுக்கு வந்துடலாம். அந்த எலக்ட்ரானிக் பெட்டி ரப்பர் தோட்டத்துக்கு நடுவுல செத்துப்போனா என்ன செய்வீங்க? போனுக்கு சிக்னல்கூட கிடைக்காத இடம் அது.

குளச்சல்_காற்று:

அண்ணாச்சி சொல்றதை மதிக்கிறேன், ஆனா ஒத்துக்க முடியல. பாயின்ட் தேய்ஞ்சுக்கிட்டே இருக்கிற பொருள். ஹீல் தேயத் தேய இடைவெளி குறையும், இடைவெளி குறைஞ்சா டைமிங், அதாவது தீப்பொறி வர்ற நேரம், பின்னுக்குப் போகும். கன்டென்சர் எப்ப போகும்னு யாருக்கும் தெரியாது. ஹால் சென்சார் (காந்தத்தை உணர்றது) கிட்ல உரசுற பாகமே கிடையாது. ஒரு காந்த வளையம், ஒரு சென்சார், ரெண்டு ஒயர். அரை மணி நேர வேலை. போட்டுட்டு மறந்துடலாம்.

மார்த்தாண்டம்_75:

எனக்கும் இதே கேள்விதான், ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கு. இழையைப் பின்தொடர்றேன்.

தக்கலை_டைனமோ:

தோவாளைத் தம்பி, கிட் வாங்குறதைப் பத்தி அப்புறம் பேசுவோம். எனக்கு ஒரே ஒரு விஷயம் சொல்லுங்க. வண்டி பட்டுன்னு ஆஃப் ஆகும்போது கியர்ல உருண்டுக்கிட்டு இருக்கும்லா, அந்த நேரத்துல ஆர்பிஎம் மீட்டர் முள்ளு என்ன செய்யுது?

இதை ஏன் கேக்கேன்னா, 1969 வண்டியில இருக்கிற ஸ்மித்ஸ் டாகோமீட்டர் (ஆர்பிஎம் மீட்டர்) இக்னிஷன் காயிலுக்குப் போற கரண்டைப் பாத்துதான் முள்ளை அசைக்கும். எஞ்சின் சுத்திக்கிட்டே இருக்கும்போது முள்ளு மட்டும் சட்டுன்னு ஜீரோவுக்கு விழுந்தா காயிலுக்குக் கரண்ட் போகலைன்னு அர்த்தம், இல்லைன்னா பாயின்ட் பக்கம் வழி அறுந்திருக்கு. முள்ளு நின்ன இடத்துலயே நின்னு எஞ்சின் மட்டும் அடங்கினா கோளாறு ஹெச்டி (ஹை டென்ஷன், காயில்ல இருந்து பிளக் வரை) பக்கம், இல்லைன்னா பெட்ரோல். பின் ஆக்ஸிலுக்குப் பக்கத்துல இருக்கிற எஸ்.யூ. எலக்ட்ரிக் பம்புலயும் ஒரு பாயின்ட் உண்டு, அது ஒட்டிக்கிட்டாலும் வண்டி நிக்கும். ஆனா பெட்ரோல் நின்னா எஞ்சின் கொஞ்சம் திணறிட்டுத்தான் அடங்கும், சுவிட்ச் போட்டு அணைச்ச மாதிரி அணையாது.

காசு செலவில்லாத சோதனை இது. முதல்ல இதைப் பாத்துட்டு வாங்க.

தோவாளை_எம்ஜிபி:

அண்ணாச்சி, நேத்து வெள்ளமடம் பக்கம் போகும்போது ஆச்சு. முள்ளு நேரா ஜீரோவுக்கு விழுந்துச்சு. பிறகு துள்ளி மேல வந்துச்சு, எஞ்சினும் கூடவே எடுத்துக்கிச்சு.

தக்கலை_டைனமோ:

அப்ப சரி. லோ டென்ஷன் பக்கம்தான், அதாவது 12 வோல்ட் ஓடுற வழி. இனி மல்டிமீட்டரை எடுங்க. பொறுமையாப் படிங்க, இதுல ஒரு இடத்துல முக்கால்வாசி பேரு ஏமாந்து போறாங்க.

காயிலோட பிளஸ் முனையில 12 வோல்ட் வருதான்னு பாக்கும்போது பாயின்ட் மூடி இருக்கணும். பாயின்ட் திறந்திருந்தா கரண்ட் ஓடாது. கரண்ட் ஓடலைன்னா எவ்வளவு துருப்பிடிச்ச கனெக்டரா இருந்தாலும் மீட்டர் முழு வோல்ட்டைத்தான் காட்டும். "காயிலுக்கு 12 வோல்ட் வருதே"ன்னு சொல்லிட்டு கார்புரேட்டரைக் கழட்டப் போயிடுவாங்க. அதனால கேப்பைக் கழட்டி, எஞ்சினைக் கையால கொஞ்சம் திருப்பி, பாயின்ட் மூடினபிறகு சாவியைப் போடுங்க. ரொம்ப நேரம் சாவி போட்டபடி விடாதீங்க, காயில் சூடாகும்.

முதல்ல பேட்டரி முனையில நேரா ஒரு அளவு. பிறகு காயில் பிளஸ்ஸுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவுல ஒரு அளவு. ரெண்டுக்கும் வித்தியாசம் அரை வோல்ட்டுக்கு மேல இருந்தா வழியில எங்கேயோ தின்னுது. அந்த வழி எதுன்னா, பேட்டரியில இருந்து பிரவுன் ஒயர், இக்னிஷன் சுவிட்ச், அங்க இருந்து வெள்ளை ஒயர், இடையில புல்லட் கனெக்டர்கள். லூக்காஸ் ஒயரிங்ல வெள்ளை ஒயருக்கு ஃப்யூஸ் கிடையாது.

அடுத்தது காயில் மைனஸ் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவுல, பாயின்ட் மூடினபடியே. அங்க 0.2 வோல்ட்டுக்குள்ள இருக்கணும். அதுக்கு மேல இருந்தா பாயின்ட் முகம், டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள இருக்கிற எர்த் ஒயர், எஞ்சின் எர்த் ஸ்ட்ராப், பேட்டரி எர்த் போல்ட், இதுல ஒண்ணு.

கடைசியா ஒரு சோதனை. எஞ்சினை ஐடிலிங்ல விட்டுட்டு, வாக்குவம் அட்வான்ஸ் குழாயை (டைமிங்கை முன்னுக்குத் தள்றதுக்கு இருக்கிறது) கார்புரேட்டர்ல இருந்து கழட்டி வாயால உறிஞ்சுங்க. உள்ள இருக்கிற பிளேட் நகரும். நகரும்போது எஞ்சின் செத்தா எனக்கு எழுதுங்க, எதுன்னு நான் சொல்றேன்.

குளச்சல்_காற்று:

இதெல்லாம் பழைய பாயின்டுக்காகச் செய்யற பாடு. கிட் போட்டா இதுல பாதி தேவையே இல்லை.

முட்டம்_ஸ்பிட்ஃபயர்:

தம்பி, அப்படி இல்லை. நான் எலக்ட்ரானிக்ஸ் படிச்சவ, என் வண்டியில ஹால் மாட்யூல்தான் ஓடுது, அதை எல்லாருக்கும் சிபாரிசும் செய்றேன். ஆனா ஒண்ணு சொல்லணும். பாயின்ட் ஒரு எளிய சுவிட்ச், 7 வோல்ட் வந்தாலும் திறக்கும், மூடும். மாட்யூல் உள்ள டிரான்சிஸ்டர் இருக்கு, அது ஒழுங்கா வேலை செய்ய குறைஞ்சபட்ச வோல்ட் வேணும். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியே 10 வோல்ட்டுக்கு இறங்கும். வழியில ஒயரிங் இன்னும் 2 வோல்ட் தின்னா மாட்யூலுக்கு 8தான் கிடைக்கும். "எலக்ட்ரானிக் போட்டேன், ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது"ன்னு வர்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இன்னொண்ணு இதைவிட முக்கியம். இந்தச் சின்ன ஹால் மாட்யூல்கள் எர்த்தை எங்கிருந்து எடுக்குது? பாயின்ட் இருந்த அதே பிளேட்ல இருந்து. அந்தப் பிளேட்டை டிஸ்ட்ரிபியூட்டர் உடம்போட சேர்க்கிறது துணி உறை போட்ட ஒரு மெல்லிய ஒயர். அது அறுந்திருந்தா பாயின்டும் சாகும், மாட்யூலும் சாகும். அண்ணாச்சி ஏன் குழாயை உறிஞ்சச் சொன்னார்னு எனக்குப் புரிஞ்சிடுச்சு. தோவாளைத் தம்பி, அளந்துட்டு வாங்க.

தோவாளை_எம்ஜிபி:

அளந்தாச்சு. எனக்கே ஆச்சரியமா இருக்கு.

பேட்டரி 12.5. பாயின்ட் திறந்திருக்கும்போது காயில் பிளஸ்ல 12.4. பாயின்ட் மூடினதும் 10.1! மைனஸ் பக்கம் 0.6. வாக்குவம் குழாயை உறிஞ்சினேன், பாதி உறிஞ்சும்போதே எஞ்சின் பொட்டுன்னு நின்னுச்சு. விட்டதும் பிளேட் திரும்பி வந்துச்சு, செல்ஃப் அடிச்சதும் எடுத்துக்கிச்சு. திரும்பத் திரும்ப அதேதான்.

தக்கலை_டைனமோ:

அதான் உங்க ரெண்டாவது தொல்லை. நிதானமா ஆக்ஸிலரேட்டர் கொடுத்துப் போகும்போதுதான் வாக்குவம் நல்லா வரும், அப்பதான் பிளேட் நகரும். நகரும்போது ஒயர்ல மிச்சம் இருக்கிற நூலு விலகும், வண்டி ஆஃப். நின்னதும் பிளேட் பழைய இடத்துக்கு வந்துடும், ஒட்டிக்கும். மெக்கானிக் வந்து பாக்கும்போது ஒரு குறையும் தெரியாது.

டிஸ்ட்ரிபியூட்டரைக் கழட்டி பிளேட்டைத் தூக்குங்க. ஒயரைக் கண்ணால மட்டும் பாத்தா போதாது, துணி உறை முழுசா இருக்கும், உள்ள செம்பு அறுந்திருக்கும். விரலால மடக்கிப் பாருங்க.

முட்டம்_ஸ்பிட்ஃபயர்:

அந்த 10.1 பத்தி ஒரு கணக்கு சொல்றேன், மூணுல முதல் தொல்லை அதுல இருக்கு. பழைய காயிலோட பிரைமரி சுமார் 3.2 ஓம். உங்க அளவுப்படி காயில் மேல விழுறது 9.5 வோல்ட், அப்ப கரண்ட் சுமார் 3 ஆம்பியர். நல்ல ஒயரிங்ல 3.8 வரணும். காயில்ல சேர்ற சக்தி கரண்டோட வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால கரண்ட் ஐந்துல ஒரு பங்கு குறைஞ்சா தீப்பொறியோட சக்தி ஏறக்குறைய 60 சதவீதத்துக்கு இறங்கிடும்.

அது மட்டும் இல்லை. வழியில 2.4 வோல்ட் தின்னுது, 3 ஆம்பியர் ஓடுது, பெருக்கினா 7 வாட். அந்த 7 வாட் ஒரு சின்ன கனெக்டர்லயோ சுவிட்ச் முனையிலயோ சூடா இறங்குது. சூடாக சூடாக அந்த இணைப்பு இன்னும் கெட்டுப்போகும். பாயின்ட் மூடி வச்சு சாவியைப் போட்டுட்டு வெள்ளை ஒயர் வழியே ஒவ்வொரு கனெக்டரா தொட்டுப் பாருங்க. எது கொதிக்குதோ அதுதான்.

பேச்சிப்பாறை_ரப்பர்:

இதைத்தான் நானும் சொல்றேன். பாயின்ட் மேல குத்தமே இல்லை.

முட்டம்_ஸ்பிட்ஃபயர்:

இந்த வண்டியில இப்போதைக்கு இல்லைதான் அண்ணாச்சி. அதுக்காக பாயின்டே கடைசி வார்த்தைன்னு ஆயிடாது. 25டி4 டிஸ்ட்ரிபியூட்டர்ல ஷாஃப்ட் புஷ் (ஷாஃப்டைத் தாங்குற குழல்) தேய்ஞ்சா ஷாஃப்ட் ஆடும், ஆடினா ஒவ்வொரு சிலிண்டருக்கும் இடைவெளி மாறும், டைமிங் சிதறும். ஹால் சென்சார் அந்த ஆட்டத்தை ஓரளவு பொறுத்துக்கும், பாயின்ட் பொறுக்காது. டுவெல் மீட்டர் (பாயின்ட் எத்தனை டிகிரிக்கு மூடியிருக்குன்னு காட்டுறது) இருந்தா பாருங்க, இதுக்கு 60 டிகிரி, கூடக் குறைய 3. ஐடிலிங்ல ஒண்ணு, வேகத்துல வேறொண்ணு காட்டினா புஷ் போயிடுச்சு. புஷ் மாத்தாம மேல என்ன போட்டாலும் ஒழுங்கா இருக்காது.

தோவாளை_எம்ஜிபி:

அக்கா சொன்னபடி தொட்டுப் பாத்தேன். ஃப்யூஸ் பாக்ஸ் பக்கத்துல வெள்ளை ஒயர் சேர்ற புல்லட் கனெக்டர், கை வைக்க முடியல. ரப்பர் ஸ்லீவைக் கிழிச்சுப் பாத்தா உள்ள பித்தளையெல்லாம் பச்சை, ஸ்பிரிங் மாதிரி இறுக்கிப் பிடிக்க வேண்டிய குழாய் வாயைப் பிளந்துக்கிட்டு நிக்குது. ஒயரையே உள்ள மூணு இன்ச் வரை வெட்டிப் போட வேண்டியதாச்சு, செம்பு கறுத்துப் போயிருந்துச்சு. புது செம்பு, புது கனெக்டர், சோல்டர் வச்சு அடிச்சாச்சு.

டிஸ்ட்ரிபியூட்டர் எர்த் ஒயரை மடக்கினேன், துணி உறைக்குள்ள ரெண்டே நூல் மிச்சம். புதுசுக்கு நாகர்கோவில்ல தேடினேன். வடசேரியில ஒரு ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடைக்காரர் மல்டிமீட்டர் புரோபுக்குப் போடுற சிலிக்கான் ஒயரை எடுத்துக் கொடுத்தார். நூலு நூலா நிறைய இருக்கும், எவ்வளவு மடக்கினாலும் அறுகாதுன்னு சொன்னார். அதையே வெட்டி, ரெண்டு முனையிலயும் சின்ன லக் அடிச்சு மாட்டியிருக்கேன்.

பேட்டரி எர்த் சீட்டுக்குப் பின்னாடி இருக்கிற போல்ட், அதைக் கழட்டும்போது துருவா கொட்டுச்சு. முன்னாடி இதுல ரெண்டு 6 வோல்ட் பேட்டரி தொடரா இருந்துச்சு, மாமா காலத்துலயே ஒரே 12 வோல்ட்டா மாத்தியாச்சு. அந்த மாத்தின வேலையில எர்த் போல்டுக்குக் கீழ பெயிண்டைக்கூட சுரண்டாம முறுக்கியிருக்காங்க.

இப்ப காயில் பிளஸ்ல பாயின்ட் மூடி 12.3. மைனஸ்ல 0.1. வாக்குவம் குழாயை எவ்வளவு உறிஞ்சினாலும் நிக்கல!

தக்கலை_டைனமோ:

கொள்ளாம் தம்பி. சிலிக்கான் ஒயர் நல்ல யோசனை, நானும் அதைத்தான் போடுவேன். போட்டபிறகு பிளேட்டைக் கையால கடைசி வரை நகர்த்திப் பாத்தீங்கல்லா? ஒயர் ரோட்டர் வழியில வரக்கூடாது, கேமுக்கு மேல உரசவும் கூடாது.

இனி முப்பந்தல் வரை ஓட்டிப் பாருங்க. சாயங்காலம் போங்க, ரோட்டுல சூடு இருக்கும்போது.

தோவாளை_எம்ஜிபி:

பட்டுன்னு ஆஃப் ஆகறது நின்னுபோச்சு. இழுவை எவ்வளவோ மேல். ஆனா நல்லா சூடானபிறகு லேசா ஒரு மிஸ்ஸிங் இன்னும் இருக்கு. பாயின்ட் முகத்தைப் பாத்தா நீலமா கருகுது. புதுசு போட்டு அதிக நாள் ஆகல.

பேச்சிப்பாறை_ரப்பர்:

கன்டென்சர். கண்ணை மூடிக்கிட்டு சொல்வேன்.

தக்கலை_டைனமோ:

நானும் அதையே சொல்றேன். புதுசுன்னா நல்லதுன்னு இப்ப சொல்ல முடியாத நிலைமை. இந்த மாதிரி பழைய வண்டிக்கு வர்ற புது கன்டென்சர் எத்தனையோ சூட்டுல லீக் ஆகுது. ஆறினபிறகு மீட்டர்ல 0.2 மைக்ரோ ஃபாரட்னு அழகாக் காட்டும். சூடா இருக்கும்போது அளந்தாத்தான் குட்டு வெளிப்படும். இருந்த இடமே சூடு, டிஸ்ட்ரிபியூட்டருக்கு உள்ள. அதை எடுத்துட்டு, வெளியில காயில் மைனஸ்ல இருந்து எர்த்துக்கு ஒரு நல்ல கன்டென்சரை மாட்டிப் பாருங்க. மின்சாரத்துக்கு ரெண்டும் ஒரே இடம்தான். சூடு படாத இடத்துல இருக்கும், மாத்தறதுக்கும் ரெண்டு நிமிஷம்.

அப்படியே ரோட்டரையும் சோதிச்சிடுங்க. நடுவுல ரிவெட் அடிச்ச கறுப்பு ரோட்டர்ல, ரிவெட்டுக்கும் கீழ ஷாஃப்டுக்கும் நடுவுல பிளாஸ்டிக் மெலிசா இருந்தா ஹெச்டி அது வழியா எர்த் ஆயிடும். கேப்பைக் கழட்டி, காயில்ல இருந்து வர்ற ஹெச்டி ஒயர் நுனியை ரோட்டர் மேல ஒரு 4 மி.மீ. தள்ளி, நல்ல காப்பு போட்ட பிளையரால பிடிங்க. பாயின்டைக் குச்சியால திறந்து மூடுங்க. ரோட்டர் மேல தீப்பொறி தடிப்பா குதிச்சா ரோட்டர் ஓட்டை. கையால மட்டும் பிடிச்சிடாதீங்க, 20,000 வோல்ட்டுக்கு மேல வர்ற இடம் அது. ரிவெட் இல்லாத சிவப்பு ரோட்டர் இங்கிலாந்துல இருந்து வருது, நான் போட்டதெல்லாம் நிக்குது.

முட்டம்_ஸ்பிட்ஃபயர்:

மழைத் தொல்லையையும் இப்பவே முடிச்சிடலாம். நம்ம மாவட்டத்துக்கு ரெண்டு பருவமழையும் உண்டு, ஜூன்லயும் பெய்யும், ஐப்பசியிலயும் பெய்யும். கடலோரத்துல இருக்கிறவங்களுக்கு உப்புக் காத்து வேற. முட்டத்துல ராத்திரி வெளியில நிறுத்தின வண்டியோட கேப்பைக் காலையில விரலால தடவினா பிசுபிசுன்னு இருக்கும். உப்பு ஈரத்தை இழுக்கும், ஈரம் மின்சாரத்தைக் கடத்தும், பிறகு கேப் மேலயே கரிக்கோடு விழுந்துடும். ஒருதடவை கோடு விழுந்த கேப்பைத் துடைச்சுப் பிரயோஜனமில்லை, மாத்தித்தான் ஆகணும்.

நல்லா இருட்டினபிறகு பானட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்க. ஸ்பிரேயர்ல கொஞ்சம் தண்ணியை ஒயர்கள் மேல பனியா அடிங்க. எங்கெங்க லீக்கோ அங்கெல்லாம் நீலமா மின்னும். அந்த ஒயரை மாத்துங்க. கேப்பையும் காயில் தலையையும் ஐசோபுரொபைல் ஆல்கஹால் வச்சுத் துடைச்சு, ஒயர் முனையில இருக்கிற ரப்பர் உறைக்குள்ள சிலிக்கான் டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவுங்க. சாதா கிரீஸ் வேண்டாம், ரப்பரைத் தின்னுடும்.

ஹெச்டி ஒயர் வாங்கும்போது எலக்ட்ரானிக் போடற எண்ணம் இருந்தா செம்புக் கம்பி ஒயர் வாங்காதீங்க, ரெசிஸ்டன்ஸ் ஒயர் வாங்குங்க. செம்பு ஒயர்ல வர்ற இரைச்சல் மாட்யூலைக் குழப்பும்.

தோவாளை_எம்ஜிபி:

கன்டென்சர் வெளியில மாட்டினதும் சூட்டு மிஸ்ஸிங் போயிடுச்சு. ரோட்டர்ல ஓட்டை இல்லை. இருட்டுல பாத்தா மூணாம் சிலிண்டர் ஒயர் திருவிழா மாதிரி மின்னுச்சு, செட்டையே மாத்தியாச்சு. ரெசிஸ்டன்ஸ் ஒயர்தான்.

வண்டி இப்ப பாயின்ட்லயே பிரமாதமா ஓடுது. ஆனாலும் எனக்கு எலக்ட்ரானிக் ஆசை போகல. பாயின்ட் தேய்மானம், கன்டென்சர் தரம் ரெண்டையும் நினைச்சா மனசு ஒப்பல. இப்ப சொல்லுங்க, எதைப் போடலாம்?

குளச்சல்_காற்று:

இப்ப போட்டா நிச்சயம் நிக்கும். என் வாதத்துல ஒயரிங்கை நான் விட்டுட்டேன், அக்கா சொன்ன எர்த் விஷயம் எனக்குப் புதுசு, அதுக்கு நன்றி. வழிகள் மூணு இருக்கு. ஹால் கிட், பெர்ட்ரானிக்ஸ் மாதிரி, டிஸ்ட்ரிபியூட்டருக்கு உள்ளேயே அடங்கிடும், வெளியில ஒண்ணும் தெரியாது. அடுத்தது லுமினிஷன் மாதிரி ஒளியை வெட்டுற வகை, இதுக்கு வெளியில ஒரு பெட்டி வைக்கணும். மூணாவது டிஸ்ட்ரிபியூட்டரையே மாத்திடற வழி, நெதர்லாந்தோட 123 இக்னிஷன். அதுல அட்வான்ஸ் வளைவே பல வகை தேர்ந்தெடுக்கலாம், ஸ்பிரிங், எடை ஒண்ணும் கிடையாது. விலை அதிகம். புஷ் நல்லா இருந்தா ஹால் கிட் போதும்.

முட்டம்_ஸ்பிட்ஃபயர்:

புஷ் எப்படி இருக்குன்னு பாத்துட்டு முடிவு செய்யுங்க. புஷ், ஸ்பிரிங், வாக்குவம் டயாஃப்ரம் எல்லாம் போயிருந்தா ஒவ்வொண்ணா சரிசெய்ற செலவுல முழு டிஸ்ட்ரிபியூட்டரே மேல். உங்களுக்கு டயாஃப்ரம் நல்லா இருக்குன்னு உறிஞ்சினபோதே தெரிஞ்சுபோச்சு.

ஹால் கிட்னா இதெல்லாம் கவனிங்க. நெகட்டிவ் எர்த் கிட்தானான்னு பெட்டியைப் பாருங்க. 1967 கடைசிக்கு முந்தின எம்ஜிபி பாசிட்டிவ் எர்த், அதுக்கு வேற கிட். ஒயரை மாத்திக் கொடுத்தா மாட்யூல் அந்த நொடியிலயே முடிஞ்சுது, பழுது பாக்க வழியே இல்லை. சிவப்பு காயில் பிளஸ்ஸுக்கு, கறுப்பு மைனஸ்ஸுக்கு. 4 சிலிண்டருக்கு 3 ஓம் காயில் வேணும், மீட்டர்ல அளந்து பாருங்க. பாலஸ்ட் (காயிலுக்கு முன்னாடி ரெசிஸ்டர்) வச்ச வண்டிக்கு வர்ற 1.5 ஓம் காயிலை நேரா மாட்டினா கரண்ட் இரட்டிப்பாகி மாட்யூல் வெந்துபோகும். பழைய கன்டென்சரை எடுத்துடுங்க. காந்த வளையத்துக்கும் சென்சாருக்கும் 0.75 மி.மீ. இடைவெளி, கிட்லயே ஒரு பிளாஸ்டிக் கேஜ் வரும்.

முக்கியமா எஞ்சின் ஓடாம சாவியைப் போட்டு வைக்காதீங்க. சாதாரண மாடல்கள்ல காயில் வழியா தொடர்ச்சியா கரண்ட் ஓடி ரெண்டும் சூடாகும். பிள்ளைங்க உள்ள உக்காந்து சாவியைத் திருப்பி விளையாடுற வீடுன்னா, எஞ்சின் நின்னதும் கரண்டைத் தானா நிறுத்துற மாடலா வாங்குங்க.

தக்கலை_டைனமோ:

நான் ஒண்ணு சேர்க்கிறேன். காயிலுக்கு ஒரு ரிலே வச்சுக் கொடுங்க. 54 வருஷத்துக்கு மேல ஆன இக்னிஷன் சுவிட்ச் முனை வழியா 4 ஆம்பியர் எப்பவும் ஓட வேண்டியதில்லை. பழைய வெள்ளை ஒயர் ரிலேயோட 86ஆம் நம்பர் முனையை மட்டும் எழுப்பட்டும், 85 எர்த், 30 பேட்டரி, 87 காயிலுக்கு. ரிலேயை முனை கீழ பாக்குற மாதிரி மாட்டுங்க, தண்ணி உள்ள நிக்காது. அதே ரிலே இன்னொண்ணு டேஷ்போர்டு அறையில கிடக்கட்டும்.

ஆனா டாகோமீட்டரைப் பாத்துக்கிடுங்க. உங்களது கரண்டைப் பாக்குற வகை, அதோட வளையம் வழியா காயில் கரண்ட் போகணும். ரிலே போட்டு அந்த ஒயரை ஒதுக்கிட்டா முள்ளு எழும்பாது. 87ல இருந்து வர்ற ஒயரை அந்த வளையம் வழியா விட்டுட்டு காயிலுக்குக் கொண்டுபோங்க.

பேச்சிப்பாறை_ரப்பர்:

நான் கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல. தோட்டத்துக்கு நடுவுல மாட்யூல் செத்தா?

முட்டம்_ஸ்பிட்ஃபயர்:

நியாயமான கேள்வி அண்ணாச்சி. நான் செய்றதைச் சொல்றேன். பாயின்டும் கன்டென்சரும் மாட்டி, இடைவெளி வச்சு, ஓட்டிப் பாத்த முழு பிளேட் ஒண்ணு எண்ணெய்த் துணியில சுத்தி டிக்கியில இருக்கும். கூடவே ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர், ஃபீலர் கேஜ், ரோட்டர். மாட்யூல் போனா பிளேட்டோட கழட்டி இதை வச்சு ஸ்க்ரூவை முறுக்க வேண்டியதுதான். 25டி4ல கேம் அப்படியே இருக்கிறதால காந்த வளையத்தை உருவினா போதும். புது உதிரியை அப்படியே பெட்டியோட வைக்காதீங்க, வண்டியில மாட்டி ஓட்டிப் பாத்ததை வைங்க. புது கன்டென்சர் கதைதான் மேல பாத்தோமே.

பேச்சிப்பாறை_ரப்பர்:

இப்படின்னா எனக்கு எதிர்ப்பு இல்லை. டிஸ்ட்ரிபியூட்டர் உடம்புல 25டி4னு இருந்தா அம்பாசடர் பாயின்ட் செட்டையும் ஒண்ணு வாங்கி ஒப்பிட்டுப் பாருங்க தம்பி. இங்கிலாந்துல இருந்து வரவழைச்சுக் காத்துக்கிட்டு இருக்க வேண்டாம்.

குளச்சல்_காற்று:

கழட்டின பழைய பாகத்தைத் தூக்கிப் போட்டுடாதீங்கன்னு நானும் சொல்றேன், காரணம் வேற. 50 வருஷம் தாண்டின வண்டியை விண்டேஜ்னு பதிவு செய்ய 2021ல மத்திய அரசு விதி கொண்டுவந்திருக்கு, விஏன்னு எழுத்து வர்ற நம்பர். சேசிஸ், பாடி, எஞ்சின்ல பெரிய மாற்றம் இருக்கக்கூடாதுன்னு அதுல இருக்கு. ஹால் கிட் ஒரு துளைகூட போடாம மாட்டறது, எப்ப வேணும்னாலும் பழையபடி ஆக்கலாம். அன்றாடம் ஓட்டுற வண்டின்னா விண்டேஜ் பதிவு ஒத்துவராது, அதையும் யோசிச்சுக்கிடுங்க.

தோவாளை_எம்ஜிபி:

புஷ் நல்லா இருக்குன்னு தக்கலை அண்ணாச்சி கடையில வச்சுப் பாத்தாச்சு. ஹால் கிட் போட்டாச்சு, ரிலேயும் போட்டாச்சு. டாகோமீட்டர் முள்ளு ஒழுங்கா நிக்குது. காலையில தக்கலை, மார்த்தாண்டம் வழியா திருவனந்தபுரம் போயிட்டு, களியக்காவிளையில கொட்டுற மழையில மாட்டி, சாயங்காலம் வீட்டுக்கு வந்தோம். ஒரு தும்மல்கூட இல்லை. மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழ நெரிசல்ல நின்னு நின்னு போகும்போதும் ஐடிலிங் அசையல. மனசு நிறைஞ்சிருக்கு. எல்லாருக்கும் நன்றி.

ஒரே ஒரு சந்தேகம். கணவாய் ஏத்தத்துல டாப் கியர்ல மிதிச்சா லேசா கிடுகிடுன்னு ஒரு சத்தம்.

தக்கலை_டைனமோ:

நாக்கிங், சிலிண்டருக்குள்ள பெட்ரோல் தாறுமாறா வெடிக்கிற சத்தம். மாட்யூல் போட்டதும் டைமிங்கை மறுபடி வச்சீங்களா? சென்சார் இடம் பாயின்ட் இடத்துக்கு அப்படியே ஒத்து வராது, சில டிகிரி மாறும். வாக்குவம் குழாயைக் கழட்டி வாயை அடைச்சுட்டு ஸ்ட்ரோப் லைட் வச்சு, 600 ஆர்பிஎம்ல 14 டிகிரியில ஆரம்பிங்க. அதே ஏத்தத்துல ஓட்டிப் பாருங்க. சத்தம் இருந்தா ரெண்டு டிகிரி பின்னுக்கு. சத்தத்தோட ஓட்டாதீங்க, பிஸ்டன் தாங்காது. இப்ப பங்க்ல வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால் கலந்திருக்கு, கார்புரேட்டர் கலவையும் கொஞ்சம் மெலிஞ்சிருக்கும். பிளக் வெளுத்திருந்தா எஸ்.யூ. ஜெட்டை லேசா இறக்குங்க.

தோவாளை_எம்ஜிபி:

16ல நின்னுச்சு அண்ணாச்சி. 14க்குக் கொண்டுவந்ததும் ஏத்தத்துல சத்தம் இல்லை. பிளக் நல்ல பழுப்பு நிறம்.

மார்த்தாண்டம்_75:

என் ஹெரால்டுக்கு அதே கிட் சரியா வருமா அக்கா?

முட்டம்_ஸ்பிட்ஃபயர்:

வண்டி பேரை வச்சு வாங்காதீங்க தம்பி. காந்த வளையம் கேமோட வடிவத்துக்கு ஏத்த மாதிரி மாறும், பழைய வண்டியில இடையில யாராவது வேற டிஸ்ட்ரிபியூட்டர் மாட்டியிருப்பாங்க. உடம்புல குத்தியிருக்கிற நம்பரைத் துடைச்சுப் படிச்சு இங்க போடுங்க. அதோட பாயின்ட் மூடி வச்சு காயில் பிளஸ்ல எவ்வளவு வருதுன்னும் அளந்து போடுங்க.